டெல்மர் கேட்காத அளவு

டெல்மர் ஹாஸ்கம்ப்பை எனக்குப் பிடிக்காது. அவனுக்கும் என்னைக் கண்டால் ஆகாது. நெப்ராஸ்காவில் எங்கள் புல் ஓடுதளத்தில் அவன் விமானமும் என் விமானமும் ஒரே ரகம், ஒரே வயது. செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. வால் சக்கரத்தைத் தாங்கும் தகடு உடைந்தால் கடையில் கிடைக்காது. சொந்தக்காரன் தன் விமானத்துக்குத் தானே செய்துகொள்ளலாம், அடுத்தவனுக்குச் செய்து விற்கக் கூடாது. இந்தச் சட்டத்தை டெல்மர் வாய் ஓயாமல் ஒப்பிப்பான். பெட்ரோல் கேனை நான் வெயிலில் வைத்தேன் என்று ஓடுதளக் கூட்டத்தில் என்மேல் புகார் படிக்கவைத்த புண்ணியவானும் அவன்தான்.

போன வசந்தத்தில் அவன் தகடு விரிசல் விட்டது. பழையதை வைத்தே வரைந்து, அறுத்து, துளையிட்டுப் பளபளவென்று ஒன்று செய்துகொண்டு வந்தான். வருடச் சோதனைக்குக் கையெழுத்துப் போடும் மெக்கானிக் ரோடா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன டெல்மர், ஓட்டை முட்டை மாதிரி இருக்கு?"

"பழசுல அப்படித்தான் இருந்துச்சு."

"பழசு தேஞ்சு போச்சுங்க. தேய்மானத்தையும் சேத்துல்ல காப்பியடிச்சிருக்கீங்க!"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவன் என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தான்.

"தேயாத தகடு ராய்ஸோட விமானத்துலதான் இருக்கு. போய் அளந்துட்டு வாங்க," என்று என்னைக் காட்டினாள் ரோடா.

"நீயே அளந்து குடுத்துடேன்."

"பார்ட் உங்களுது. அளவும் நீங்கதான் கொண்டுவரணும். அதுவரைக்கும் கையெழுத்து கிடையாது."

சனிக்கிழமை ஓடுதளத்தில் எல்லாரும் கூடி பான்கேக் தின்னும் நாள். தட்டோடு என் மேஜைக்கு வந்து நின்றான்.

"உன் தகட்டை அளக்கணும்."

"கேக்குற மாதிரி கேளு."

"ஏன், கால்ல விழணுமா?"

"தயவுசெஞ்சுன்னு ஒரு வார்த்தை. எல்லார் முன்னாடியும் சொல்லு. என்மேல புகாரையும் எல்லார் முன்னாடிதானே படிச்சாங்க?"

தட்டில் இருந்ததை அப்படியே குப்பையில் கொட்டினான். "அதுக்கு நான் பறக்காமலே கிடப்பேன்டா."

பெண்டாட்டி செத்துப்போனபின் சாயங்காலம் பறப்பதைத் தவிர அவனுக்கு வேறு கதியில்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும். எப்படியும் வருவான் என்று இருந்தேன். அவன் வரவில்லை. அவன் விமானம் நின்ற இடத்திலேயே நின்றது. இலையுதிர் காலத்தில் அதை ரோடாவுக்கே விற்றுவிட்டான்.

மறுநாளே ரோடா வந்தாள். "தயவுசெஞ்சு கொஞ்சம் அளந்துக்கவா, ராய்ஸ்?" அவ்வளவுதான். நான் காப்பி குடித்து முடிப்பதற்குள் அளந்துவிட்டாள். அவள் விமானம், அவளே தகடு செய்து பூட்டினாள்.

அவள் முதன்முதலில் பறந்த அன்று டெல்மர் வேலியோரம் நின்றிருந்தான். நான் பக்கத்தில் போனேன்.

"ஓட்டை வட்டமா வந்துச்சா?" அவன் வானத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"வந்துச்சு."

"இதுதானேடா உனக்கு வேணும்?" காறித் துப்பிவிட்டு வண்டியை நோக்கி நடந்தான்.

"ஒரு வார்த்தைதானேடா கேட்டேன், பாவி!" என்று கத்தினேன். வண்டி கிளம்பிவிட்டது.