ஞானஸ்நானத்துக்கு முந்தைய வாரம்

நெய்வேலியில் எனக்கு மூச்சுவிட நேரமில்லாமல் கழிந்த அந்த வாரம் ஒரு காய்ச்சலில் ஆரம்பித்தது. காய்ச்சல் எனக்கல்ல, என் கம்பானியனுக்கு.

ஊழியத்துக்குப் புறப்படும் பிள்ளைகளுக்கு இது தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் மோர்மன் சபையில் வாலிபர்கள் இரண்டு வருஷம் வீட்டைவிட்டுப் போய் முழுநேர மிஷனரியாக இருப்பார்கள். இரண்டு இரண்டு பேராகத்தான் அனுப்புவார்கள். கம்பானியனை விட்டுத் தனியாக எங்கும் போகக் கூடாது. எண்பதுகளின் பின்பாதி அது. தமிழ்நாட்டில் எங்கள் சபைக்காரர்கள் எல்லாரையும் கூட்டினாலும் ஒரு கல்யாண மண்டபத்தில் பாதி காலியாகத்தான் இருக்கும். நான் கோயம்புத்தூர். கம்பானியன் பிரசாத் ராஜமுந்திரிக்காரன், தமிழ் அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தான். எனக்கு இருபது வயது, அவனுக்கு அதுகூட ஆகவில்லை. ஆனாலும் ஒருவரையொருவர் ‘எல்டர்’ என்றுதான் கூப்பிட வேண்டும். எல்டர் என்றால் மூப்பர். நெய்வேலிக்காரர்கள் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு எங்களை ‘எல்டர் தம்பி’ ஆக்கிவிட்டார்கள்.

திங்கள், செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை மாணிக்கம் அண்ணனுக்கு ஞானஸ்நானம் என்று முடிவாகியிருந்தது. அவர் மைன்ஸில் கன்வேயர் பெல்ட் மெக்கானிக், பர்மனென்ட். விருதுநகர் பக்கத்து ஆள். மனைவி வள்ளியம்மை குறிஞ்சிப்பாடி. அவர்களுடைய ஒரே பெண் குழந்தை மூளைக்காய்ச்சலில் போய்விட்டது. குடும்பங்கள் மறுமையிலும் பிரியாமல் சேர்ந்திருக்கலாம் என்று நாங்கள் வீடு வீடாகப் போய் எடுக்கும் டிஸ்கஷனில் ஒரு பாடம் உண்டு. அதைக் கேட்ட அன்று அவர் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்து, “எனக்கு முழுக்குக் குடுங்க தம்பி” என்றார்.

ஞானஸ்நானம் என்றால் முழுசாக முங்கி எழ வேண்டும். அதற்குத் தண்ணீர் இருக்கும் இடம் பார்க்க வேண்டும், வெள்ளைத் துணி தைக்க வேண்டும், மெட்ராஸிலிருந்து வரும் எங்கள் பொறுப்பாளருக்குத் தகவல் சொல்ல வேண்டும், மிச்சப் பாடத்தை முடிக்க வேண்டும். இத்தனை வேலை இருக்கும்போது பிரசாத் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தான். அவனை விட்டு நான் நகர முடியாது. ஜன்னல் வழியே பார்த்தால் மார்கழிப் பனியும் அனல்மின் நிலையப் புகையும் ஒன்றாகக் கலந்து, எதிர்க் கட்டடமே இல்லாமல் போயிருந்தது. ஷிப்ட் சங்கு மட்டும் எங்கிருந்தோ வரும். உலகம் முழுவதும் எங்கோ வேலைக்குப் போய்விட்டது போலவும் நாங்கள் இருவர் மட்டும் ஒரு மேகத்துக்குள் தங்கிவிட்டது போலவும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை வள்ளியம்மை அக்கா தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்தார். நாங்கள் வராததால் அண்ணன் விசாரித்திருக்கிறார். அதுவரை பாடம் நடக்கும்போதெல்லாம் அக்கா சமையலறையிலேயே இருந்துவிடுவார். எங்கள் சபையில் காபி கூடாது என்பதால் பனங்கற்கண்டு போட்ட பால் மட்டும் வெளியே வரும். அன்று நேராக உள்ளே வந்து பிரசாத்தின் நெற்றியில் கை வைத்தார். வைத்த கையை வெகுநேரம் எடுக்கவில்லை. டாக்டரிடம் காட்டியாயிற்றா, மாத்திரை என்ன, ராத்திரி பிதற்றினானா என்று என்னைக் குடைந்து கேட்டார். அவன் கஞ்சியைக் குடித்து முடிக்கும்வரை நின்றுவிட்டு, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனார்.

புதன், வியாழன்

காய்ச்சல் விட்டது. பிரசாத்தை சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினேன். நெய்வேலி பிளாக்குகளில் எல்லாத் தெருவும் ஒன்றுபோல இருக்கும். ஒரே மாதிரி குவார்ட்டர்ஸ், ஒரே மாதிரி வேலி, ஒரே முருங்கை மரம். பனியில் மிதிக்கும்போது சைக்கிள் நகர்கிறதா, தெரு நகர்கிறதா என்று குழப்பம் வரும். நைட் ஷிப்ட் முடித்தவர்கள் உறங்க ஜன்னல்களில் பிரவுன் பேப்பர் ஒட்டியிருப்பார்கள். வெயில் ஏறிய பிறகும் தெருவே தூங்கும். அந்தத் தெருக்களில் நாங்கள் மெதுவாகப் பேசுவோம், கதவைத் தட்டாமலே கடந்து போவோம்.

குறிஞ்சிப்பாடி போகிற வழியில் ஒரு பம்ப்செட் தொட்டி கிடைத்தது. அந்த நிலத்தின் கொல்லைக்காரர் நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் தொட்டியை ரொப்பி வைப்பதாகவும், குளித்து முடித்தபின் அந்தத் தண்ணீரை மணிலாவுக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, பாய்ச்சிக்கொள்வதாகவும் சொன்னார்.

வியாழக்கிழமை கடைசிப் பாடம். கல்யாணமானவர் ஞானஸ்நானம் எடுக்க மனைவியின் சம்மதம் வேண்டும் என்பது எங்கள் விதி. நான் கேட்டேன். அக்கா கதவோரம் நின்று, அது அவர் இஷ்டம் என்றார். அவ்வளவுதான், விதிப்படி எல்லாம் முடிந்துவிட்டது.

சனி

வெள்ளைத் துணியைக் கொடுக்கப் போனோம். அண்ணன் ஷிப்டிலிருந்து திரும்பியிருக்கவில்லை. ஆண்கள் இல்லாத வீட்டுக்குள் நாங்கள் போகக் கூடாது என்பதால் கேட்டுக்கு வெளியே நின்றோம். அக்கா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டையை வாங்கிப் பிரித்துப் பார்த்தார். தையலைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்.

“எல்டர் தம்பி, அவரு உங்க தண்ணியில முங்கி உங்க சாமிகிட்ட போயிடுவாரு. நானு எங்க ஐயனாரைக் கும்புட்டுகினு இங்கியே இருப்பேன். அப்ப பாப்பா எங்க இருக்கும்?”

சட்டையை மறுபடி மடித்தார்.

“இங்கதான் ஆளுக்கொரு ஷிப்ட்டா இருக்கோம். அங்கயும் அது அப்பாகிட்ட ஒரு நாளு, அம்மாகிட்ட ஒரு நாளுன்னு நடந்துகினே இருக்குமா?”

எனக்குப் பதில் தெரியும். பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், வசனத்தோடு. “நீங்களும் பிறகு சேர்ந்துகொள்ளலாம்” என்று ஆரம்பிக்கும் அந்தப் பதில். ஆனால் ஈரத் துணிகளுக்கு நடுவில் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. “தெரியலைங்க அக்கா” என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த துணியை உதறினார்.

தெருமுனைவரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தோம். பிரசாத்தான் பேசினான். “எல்டர், நம்ம பதில் சரிதான். ஆனா அக்கா நம்மள கேக்கல.”

அது அரைகுறைத் தமிழில் தவறி வந்ததா, யோசித்துச் சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நாங்கள் வீட்டுக்குப் போகவில்லை. ஷிப்ட் பஸ் நிற்கும் இடத்தில் காத்திருந்தோம். கரித்தூளோடு இறங்கிய அண்ணனிடம் அக்கா கேட்டதை அப்படியே சொன்னேன்.

அவர் சோற்று டப்பா பையைக் கைமாற்றிக்கொண்டார். “பாப்பா போனதுக்கப்புறம் அதைப் பத்தி நாங்க பேசுனதே இல்ல தம்பி. நான் வர்றப்ப அவ தூங்குவா. அவ எந்திரிக்கிறப்ப நான் கெளம்பிருவேன்.”

“இன்னைக்குப் பேசுங்கண்ணே. நாளைக்கு வேணாம்னு தோணுனா வேணாம். தொட்டி எங்கயும் போகாது” என்றேன்.

அதைச் சொல்வது சுலபமாக இல்லை. அந்த ஊரில் அத்தனை மாதம் உழைத்து எங்களுக்குக் கிடைக்கவிருந்த முதல் ஞானஸ்நானம் அது.

ஞாயிறு

பொறுப்பாளர் விடிகாலை பஸ்ஸில் வந்து இறங்கினார். தொட்டி நிறைந்து தளும்பியது. பூமிக்கு அடியிலிருந்து வரும் தண்ணீர் என்பதால் வெதுவெதுப்பாக இருந்தது, மேலே ஆவி எழுந்து பனியோடு சேர்ந்தது. அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒரு சைக்கிள் மெல்ல வந்தது. அண்ணன் மிதிக்க, பின்னால் அக்கா. இருவரும் இரவெல்லாம் விழித்திருந்தது கண்ணில் தெரிந்தது. வெள்ளைச் சட்டை அக்கா மடியில் மடித்தபடியே இருந்தது.

அண்ணன் பொறுப்பாளருக்கு வணக்கம் சொல்லிவிட்டு, “மன்னிச்சுக்குங்க. நேத்து பேச ஆரம்பிச்சோம். இன்னும் முடியல” என்றார்.

பொறுப்பாளர் என்னைப் பார்த்தார். பிறகு அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

யாரும் உடனே கிளம்பவில்லை. அக்கா தொட்டி விளிம்பில் உட்கார்ந்து தண்ணீரில் கையை விட்டபடி, குழந்தைக்குத் தலைக்கு ஊற்றினால் அது கத்துகிற கத்தலில் தெருவே கூடிவிடும் என்று சொல்ல ஆரம்பித்தார். அண்ணன், அது தலைக்கு ஊற்றியதற்கு அல்ல, சீயக்காய்க்கு என்றார். அக்கா மறுத்தார். எந்தப் பல் முதலில் முளைத்தது என்பதில் இருவருக்கும் வாக்குவாதம் வந்தது. பிரசாத் பாதி புரிந்தும் புரியாமலும் சிரித்தான். வெயில் வந்ததும் கொல்லைக்காரர் மடையைத் திறந்துவிட்டார், தண்ணீர் மணிலாக் கொல்லைக்குள் ஓடியது.

சபையில் சேர்ந்தார்களா என்று கேட்பீர்கள். நான் மாற்றலாகிப் போகும்வரை சேரவில்லை. பிறகு என்ன ஆனது என்று தெரியாது. அதுவரை வாராவாரம் அந்த வீட்டுக்குப் போனோம். அக்கா சமையலறையைவிட்டு வந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். நாங்கள் பாடம் எடுப்பதைவிட அவர்கள் பேசுவதைக் கேட்டதுதான் அதிகம்.

ஊழியத்துக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். உங்களிடம் ஒருவர் கேள்வி கேட்டால், கையில் பதில் இருந்தாலும் கொஞ்சம் பொறுங்கள். அது யாருக்கான கேள்வி என்று பாருங்கள். உங்களுக்கானது இல்லையென்றால், சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் உரியவரிடம் சேர்த்துவிடுங்கள்.