ஒரே முகத்துக்கு இரண்டு லைசன்ஸ்

எண்ணெய் பதமாகக் காய்ந்த நேரம் பார்த்துத்தான் அவர்கள் வந்தார்கள்.

கோல சிலாங்கூர் பாசார் மாலாம், அதாவது இரவுச் சந்தை. சாயங்கால வெயில் இன்னும் இறங்கவில்லை. என் மனைவி ராஜம் மசால் வடையைத் தட்டித் தட்டிச் சட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்று பழைய பேப்பர் கிழித்துக்கொண்டிருந்தேன் — கடையில் எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் ஒரே பொறுப்பு அதுதான். நிமிர்ந்தால், எதிரே இரண்டு அமலாக்க அதிகாரிகள்.

மேலே மாட்டியிருந்த லைசன்ஸ் அட்டையைக் கழற்றினார்கள். அதிலிருந்த படத்தைப் பார்த்தார்கள். ராஜத்தின் முகத்தைப் பார்த்தார்கள். "கந்தோங்" என்றார்கள். அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

கந்தோங் என்றால் மலாயில் தொங்கவிடுவது. லைசன்ஸுக்குச் சொன்னால் இடைநிறுத்தம்.

"தொங்கிக்கிட்டு இருந்தத கழட்டிட்டு, தொங்குதுன்னு சொல்லிட்டுப் போறாங்க. என்னாங்க இது?" என்றாள் ராஜம். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

பக்கத்தில் காசெட் விற்பவர் பாட்டை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "வடை சாப்பிட்டு யாருக்காச்சும் வயித்தால போச்சா லா?" என்று கூட்டத்தில் ஒரு குரல். அந்தக் கேள்விதான் ராஜத்தைக் குத்திவிட்டது. பாதி வெந்த வடைகளை அரித்தெடுத்துக் கொட்டிவிட்டு, யாரையும் பார்க்காமல் சாமான்களைக் கட்டினாள்.

நான் வேலை செய்யும் ஃபேக்டரியில் ஓவர்டைம் நின்று நெடுநாளாகிறது. ஆள் குறைப்பு என்ற பேச்சு வேறு. இந்த நேரத்தில் வீட்டைத் தூக்கி நிறுத்துவது பத்திரிகைக்கு எழுதும் என் பேனாவா, அவள் வடைச்சட்டியா? உங்களுக்கே தெரியும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. சந்தை வாசலுக்குப் பக்கத்திலேயே அவளுடைய இடம். சில வாரம் காலியாகக் கிடந்தால் போதும்... வேறு யாராவது அங்கே அடுப்பு வைத்துவிடுவார்கள்.

மறுநாள் லைசன்ஸ் ஆபீசுக்குப் போனேன்.

"கேஸ் இருக்கு. விசாரணை நடக்குது" என்றார் கவுண்டரில் இருந்தவர்.

"என்ன கேஸ்?"

"விசாரணை முடிஞ்சாத்தான் தெரியும்."

பத்திரிகையில் எழுதுகிறவன் சும்மா இருப்பேனா? எனக்குத் தெரிந்த மலாய் அத்தனையையும் திரட்டி ஒரு மேல்முறையீடு எழுதிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி ஒரு தட்டில் வைத்தார். அது இன்னும் அங்கேதான் இருக்கும் என்று நம்புகிறேன்.

அடுத்த முறை போனபோது, மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி உள்ளே கூப்பிட்டார். மேசைமேல் இரண்டு அட்டைகளை எடுத்துப் போட்டார். ஒன்று ராஜத்துடையது. இன்னொன்று தஞ்சோங் காராங் பாசார் மாலாமுக்கு வாங்கியது.

"ஒரு ஆளுக்கு ஒரு லைசன்ஸ்தான். உன் மனைவி எப்படி இரண்டு வைத்திருக்கிறாள்?"

குனிந்து பார்த்தேன். சிரித்துவிட்டேன்.

"அது என் மனைவி இல்லை. அவளோட தங்கச்சி. இரட்டைப் பிள்ளைகள்!"

அவர் சிரிக்கவில்லை.

அவர்மேல் குற்றம் சொல்லவும் முடியாது. ராஜலெட்சுமி, விஜயலெட்சுமி. அப்பா பெயர் ஒன்று, பிறந்த தேதி ஒன்று. சில வருடத்துக்கு முன் லைசன்ஸுக்கு இருவரும் ஒரே நாளில் ஒரே ஸ்டூடியோவில் படம் எடுத்தார்கள் — அதுவும் ராஜத்தின் ஒரே பட்டுச் சேலையை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு! விலாசம் கேட்டபோது இரண்டு பேரும் தோட்டத்தில் அப்பா இருக்கும் தொழிலாளர் லயத்து வீட்டைக் கொடுத்திருக்கிறார்கள். நானே அந்த நாற்காலியில் இருந்தால் நானும் கந்தோங் என்றுதான் சொல்லியிருப்பேன்.

"ஐ.சி. நம்பர் வேறதானே?" என்று அடையாள அட்டையைச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன்.

"இரண்டு ஐ.சி. வைத்திருந்த ஆளையும் பார்த்திருக்கிறேன். இரண்டு பேரும் வரட்டும். ஒன்றாக வரட்டும். ஒருத்தி காலையில் வந்து, மத்தியானம் சேலையை மாற்றிக்கொண்டு வந்தால் எனக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான பேச்சு. ஆனால் என் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. ஏனென்றால், அக்காவும் தங்கையும் பேசி ஒரு வருடத்துக்கு மேலாகிறது.

காரணமா? வடைதான். அசாம் ஜாவாவில் ஒரு கல்யாண வீட்டில், "அக்கா வடையில இப்பல்லாம் மாவு கலக்குறா" என்று விஜயா யாரிடமோ சொல்லியிருக்கிறாள். அது வாய் மாறி வாய் மாறி ராஜத்தின் காதுக்கு வந்து சேரும்போது, "அது வடையே இல்ல, மாவு உருண்டை" என்று ஆகிவிட்டது. அதோடு சரி. ஒருத்தி வரும் விசேஷத்துக்கு இன்னொருத்தி வருவதில்லை. சொந்தக்காரர்கள் பேசிப் பார்த்தார்கள். கோயில் தலைவர் பேசிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன்.

"அவ கூட நின்னுதான் லைசன்ஸ் கிடைக்கணும்னா, எனக்கு வியாபாரமே வேணாம்" என்றாள் ராஜம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விஜயாவின் கணவர் மணியம் வந்தார். லோரி ஓட்டுநர். நாங்கள் சகலைகள் இருவரும் எப்போதும் போலத்தான் பழகுகிறோம். சண்டையில் எங்களுக்குப் பங்கு கிடையாது. ராஜம் அவருக்குத் தேத்தண்ணி கலக்கிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஆனால் அடுப்படியில் ஒரு சத்தமும் இல்லை. காது முழுக்க எங்களிடம்தான் என்று புரிந்தது.

"அவளையும் நிறுத்திட்டாங்கண்ணே" என்றார் மணியம். "வியாபாரம் போனதுகூடப் பரவால்ல. தஞ்சோங் காராங்ல கண்டபடி பேசுறாங்க. கள்ள லைசன்ஸ் வச்சிருந்தான்னு... கள்ளின்னே சொல்றாங்க. அவ வெளிய தலை காட்றதே இல்ல. சரியாச் சாப்பிடறதும் இல்ல."

உள்ளேயிருந்து புயல் மாதிரி வந்தாள் ராஜம்.

"யாரு? என் தங்கச்சிய கள்ளின்னு சொன்னது யாரு? பேரச் சொல்லுங்க!"

மணியம் மிரண்டு போய்க் கையிலிருந்த தேத்தண்ணியைச் சட்டையில் சிந்திக்கொண்டார்.

"நாளைக்கே அவள ஆபீசுக்குக் கூட்டிக்கிட்டு வாங்க. நான் வர்றேன்."

ஒரு வருடமாக ராஜம் தன் தங்கையைத் திட்டாத திட்டு இல்லை. ஆனால் அதை அவள் மட்டும்தான் செய்யலாம் போலிருக்கிறது!

மறுநாள் லைசன்ஸ் ஆபீஸில் ஒரு நீள பெஞ்சு. அந்தக் கோடியில் ராஜம், இந்தக் கோடியில் விஜயா. நடுவில் நானும் மணியமும். ஒருத்தி சுவரைப் பார்க்கிறாள், ஒருத்தி வாசலைப் பார்க்கிறாள். விஜயா ரொம்பவும் இளைத்திருந்தாள். "சௌக்கியமா மாமா?" என்று என்னிடம் மட்டும் மெல்லக் கேட்டாள்.

அதிகாரி கதவைத் திறந்தார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"யார் அக்கா?" என்று மலாயில் கேட்டார்.

"நான்தான்!" என்றாள் ராஜம்.

"அவதான்!" என்றாள் விஜயா.

இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே குரலில். டைப் அடித்துக்கொண்டிருந்த பெண்கள்கூட எழுந்து வந்துவிட்டார்கள். அதிகாரியின் முகத்தில் அன்றுதான் முதன்முதலாகச் சிரிப்பைப் பார்த்தேன்.

சிரித்தாலும் விடவில்லை. பெருவிரல் ரேகையை ஐ.சி.யோடு ஒத்துப் பார்க்க வேண்டும் என்றார். ராஜம் மையில் விரலை வைத்து ஒற்றிவிட்டு நகர்ந்தாள். விஜயா மையில் விரலை அழுத்தி முக்கிவிட்டாள். மை பிதுங்கி உள்ளங்கை வரை வழிந்தது. துடைக்க ஒன்றும் கிடைக்காமல் அவள் திருதிருவென்று விழித்தாள்.

ராஜம் திரும்பி வந்தாள். தங்கையின் கையை இழுத்துப் பிடித்து, தன் முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். நல்ல சேலை. மை போகாது. தெரிந்தேதான் துடைத்தாள்.

விஜயா அழ ஆரம்பித்துவிட்டாள்.

"சும்மா இரு லா. எல்லாரும் பாக்குறாங்க."

"நான் மாவுன்னு மட்டுந்தான் சொன்னேன்க்கா... உருண்டைன்னு சொல்லல."

"அன்னிக்கி மாவு இருந்துச்சுதான். பருப்பு விக்கிற வெலைக்கு வேற என்ன செய்யறது? அத நீ எங்கிட்டல்ல வந்து சொல்லியிருக்கணும்?"

அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. ரேகைகளை ஒத்துப் பார்த்தார். இரண்டு அட்டைகளிலும் முத்திரை குத்தி, "போலே நியாகா" என்றார். வியாபாரம் செய்யலாம்! எனக்குத் தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது. மணியம் லோரியை வாசலுக்குக் கொண்டுவர ஓடினார்.

இதிலிருந்து எனக்குப் பட்டது ஒன்றுதான். சமாதானம் பேசப் போன எல்லோரும், யார்மேல் தப்பு என்றே கேட்டார்கள். இந்த அதிகாரி ஒருவர்தான், யார் அக்கா என்று கேட்டார்.

திரும்பும்போது மணியத்தின் லோரிதான். முன்னால் மூன்று பேருக்கு மட்டும் இடம். அக்காவும் தங்கையும் ஏறிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார்கள். என்னை யாரும் ஒரு பேச்சுக்குக்கூடக் கூப்பிடவில்லை. பின்னால் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மண்டையைப் பிளக்கும் வெயில். மூக்கு முழுக்கத் தூசி. அதையும் மீறி, முன்னாலிருந்து இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசும் சத்தம்...

இவ்வளவு சுகமாக நான் எந்த வண்டியிலும் போனதில்லை.