ஆட்டைக் காப்பாற்றிய ஜேசிபி

"திங்கட்கிழமை இடிக்கப்போறாங்க, அதுக்குள்ள வந்து பாத்துரு" என்று ஜெசிந்தா குரல்செய்தி அனுப்பியிருந்தாள். கல்லூரியில் என்னுடன் படித்தவள். இப்போது மதுரையில் ஓவிய ஆசிரியை. திருமங்கலத்தில் பல வருடங்களாகப் பூட்டிக் கிடந்த பஞ்சு மில்லை, இடிக்கும்வரை படம் வரைந்துகொள்ள உரிமையாளர் அவளுக்கும் நண்பர்களுக்கும் கொடுத்திருந்தார். கடைசி சனி, ஞாயிறு ஊரே வந்து பார்க்கலாம் என்று ஏற்பாடு. மாசி மாதத்துச் சனிக்கிழமை, விடிவதற்குள் திருச்சியில் பஸ் ஏறிவிட்டேன்.

மதுரை பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து திருமங்கலம் சுமார் இருபது கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் ஒரு மணி நேரம். முகூர்த்த நாள் வேறு. திருப்பரங்குன்றம் வரை பட்டுப்புடவைகளுக்கு நடுவே நின்றுகொண்டே போனேன். இறங்கியதும் ஆட்டோ, எண்பது ரூபாய். "ஆட்டு மில்லுக்கா? ஏறுங்கக்கா" என்றார் ஓட்டுநர்.

போனதும் புரிந்தது. தெருப்பக்கச் சுவர் முழுக்க ஒரு வெள்ளாடு. சுவர் விரிசலில் நிஜமாகவே முளைத்திருந்த அரசங்கன்றைக் கடிக்க எக்கிக்கொண்டு நிற்கிறது. சாரத்தின் மேலிருந்து ஜெசிந்தா கையசைத்தாள். உள்ளே பஞ்சுப் பொதி அடுக்கும் கிட்டங்கியின் கூரையெல்லாம் மேகம். எடைபோடும் அறையில் யார் வேண்டுமானாலும் வரையலாம். நான் வரைந்த வெண்டைக்காயைப் பார்த்துத் தெருப் பெண்கள், "மிளகா நல்லாருக்கு" என்றார்கள்.

பதினொரு மணிக்கு ஜேசிபி வந்து நின்றது. ஓட்டுநர் பாண்டிக்குத் திங்கட்கிழமை வேறு ஊரில் வேலையாம். "இன்னைக்கே முடிச்சுக்கன்னு ஓனர் சொல்லிட்டாரு டீச்சர்."

ஜெசிந்தா தூரிகையோடு கீழே இறங்கினாள். "அண்ணே, ஆட்டுக்கு இன்னும் கண்ணு வைக்கல. குருட்டு ஆட்டையா இடிக்கப்போறீங்க?"

சிரித்துவிட்டார் பாண்டி. வண்டியை அணைத்துவிட்டு உள்ளே போய் அறை அறையாகப் பார்த்தார். வெளியே வந்ததும் உரிமையாளருக்கு அவரே போன் போட்டார். "அண்ணே, அம்புட்டுச் சனம் வந்திருக்கு. நாளைக்குச் சாயந்தரம் வாரேன், விடியறதுக்குள்ள முடிச்சுத் தாரேன்." அவர் கட்டைவிரலை உயர்த்தியதும் தெருவே விசிலடித்தது.

"ஆனா என் வண்டிக்கும் ஒண்ணு வரையணும்" என்றார்.

"புலி வரையவா?"

"புலி லாரிக்கு லாரி இருக்கு. எனக்கும் ஆடுதான் வேணும்."

ஜேசிபியின் பக்கெட்டில் ஏற்கெனவே பல் வரிசை இருக்கிறதே! மேலே இரண்டு கண், காது, கொம்பு. ஒரு மணி நேரத்தில் இரும்பு ஆடு தயார்.

ஞாயிறு மாலைவரை கூட்டம் குறையவில்லை. பாண்டி பின்பக்கத்திலிருந்து இடிக்கத் தொடங்கி, வெள்ளாட்டைக் கடைசிக்கு வைத்தார். அழுவேன் என்று நினைத்தேன். ஆட்டை ஆடு முட்டியபோது கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி.

இப்படி எங்காவது வரைகிறார்கள் என்று கேள்விப்பட்டால் தள்ளிப்போடாதீர்கள். அடுத்த வாரம் அங்கே வெறும் மனைதான் இருக்கும். உடைந்த கண்ணாடி கிடக்கும், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர், தொப்பி அவசியம். நீங்களே வரைவதானால் உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு வரையுங்கள்.

போன வாரம் பாண்டி அண்ணன் ஜெசிந்தாவுக்குப் போன் செய்தாராம். "மண்ணள்ளி அள்ளி மூஞ்சி தேஞ்சுபோச்சு டீச்சர். எப்ப வாரீங்க? இந்தத் தடவ தாடியும் வைக்கணும்."