ஐந்தாம் உறை

2023 டிசம்பர் 12, செவ்வாய்க்கிழமை, காலை பத்து நாற்பது. விடிகாலையில் பிடித்த மழை விட்டிருந்தது. வாடைக்காற்று, வெயில் இல்லை. எங்கள் தெருவுக்கு மேற்கே மூடிக் கிடக்கும் பூச்சிமருந்து ஆலையின் முற்றத்தில் மூன்றாவது துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் இரண்டிலும் வெறும் களிமண்தான் வந்தது. நான் கம்பிவேலிக்கு வெளியே குடையை ஊன்றி நின்று, குழாய் இறங்குவதை அடி அடியாக எண்ணிக்கொண்டிருந்தேன். இதிலும் ஒன்றும் கிடைக்காவிட்டால் எங்கள் கிணற்றுப் புகாரையே மூடிவிடுவார்கள். அப்படி மூடினால் அதற்குக் காரணம் நான்தான்.

எங்கள் தெருவில் நாற்பத்தொரு வீடுகள், சிமென்ட் வளையங்களை அடுக்கி இறக்கிய ஒரே உறைக்கிணறு. ஆலை மூடிய வருஷத்து மழைக்காலத்தில்தான் முதலில் அந்த வாசனை வந்தது. வயலில் மருந்தடித்துவிட்டு வந்தவன் கையை முகர்ந்தால் வருமே, அது. கேன் தண்ணீர் வாங்க முடிந்தவர்கள் வாங்கினார்கள், மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார்கள். கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் எழுத்தராக இருந்தவன் என்பதால் மனு எழுதும் வேலை என்னிடம் வந்தது. பதினேழாவது மனுவுக்குப் பிறகு, 2023 மே மாதம், தண்ணீரை ஆய்வு செய்ய ஒரு குழு வருவதாகக் கடிதம் வந்தது.

அதிகாரிகள் வந்து எட்டிப்பார்க்கும்போது கிணறு பாசியும் குப்பையுமாகக் கிடந்தால் தெருவுக்குத்தானே கேவலம்? பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் இறைப்பதுபோல் இதற்கும் இறைத்துவிடுவோம் என்று நான்தான் முதலில் சொன்னேன். என் செலவிலேயே இரண்டு ஆட்களை வைத்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு வாளி. ஊறிய புதுத் தண்ணீரில் மூன்று கிலோ பிளீச்சிங் பவுடரையும் என் கையாலேயே கொட்டினேன். மறுநாள் வந்த குழு, பளிச்சென்றிருந்த கிணற்றைப் பாராட்டிவிட்டுப் பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனது.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. மருந்தின் தடயமே இல்லை. ஆலையின் மேற்பார்வையாளர் டீக்கடையில் உட்கார்ந்து, கடலோரத்தில் கிணறு வைத்துக்கொண்டு வாசனை வருகிறது என்றால் மீன் வாசனையாக இருக்கும் என்று சொல்லிச் சிரித்தாராம்.

குழுவின் பொறியாளர் ஒரு பெண். முடிவைச் சொல்ல அவரே நேரில் வந்தார். தெருவைக் கூட்டி வைத்து, இறைத்துப் பவுடர் போட்டால் மருந்தின் தடயம் அழிந்துவிடும், கிணற்றில் யாராவது போட்டீர்களா என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்க்காமல் இருப்பதற்குப் பாடுபட்டார்கள். நான் கையைத் தூக்கினேன்.

"எவ்வளவு போட்டீங்க?"

"மூணு கிலோ."

"எப்ப?"

"நீங்க வர்றதுக்கு மொத நாள், சாயங்காலம் அஞ்சே காலுக்கு."

அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பிறகு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"நிமிஷம் வரைக்கும் சொல்றீங்களே. வேற என்னங்கய்யா எண்ணி வச்சிருக்கீங்க?"

நான் பதில் சொல்வதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள்.

"தெனம் காலைல கெணத்துல எத்தன உறை வெளிய தெரியுதுன்னு எண்ணி காலண்டர்ல எழுதுறாருங்க. நாலு வருஷமா. நான் திட்டாத நாளே கெடயாது."

காலண்டர்கள் பரண்மேல் இருந்தன. உறை எண்ணிக்கைக்குப் பக்கத்தில், வாசனை வந்த நாட்களில் சிவப்பு மையில் ஒரு சுழி போட்டிருந்தேன். பொறியாளர் எங்கள் வீட்டுத் தரையில் அவற்றை விரித்து வைத்து ஒரு மணி நேரம் பார்த்தார். தரைமட்டத்திலிருந்து கீழே எண்ணினால் ஐந்தாவது உறைக்குத் தண்ணீர் ஏறிய பிறகுதான் சிவப்புச் சுழி வருகிறது. அது இறங்கினால் சுழியும் நின்றுவிடுகிறது. நான்கு வருஷமும் அப்படியே. ஓர் உறை ஓர் அடி. அப்படியானால் ஆலைப் பக்கம் ஐந்தடி ஆழத்தில் எதையோ புதைத்திருக்கிறார்கள், மழையில் நீர்மட்டம் ஏறி அதைத் தொடும்போது அது எங்கள் கிணற்றுக்கு வருகிறது என்றார் அவர். கோடையில் எடுத்த தண்ணீர் செல்லாது, மழைக்காலத்தில் இன்னொரு தடவை எடுக்க வேண்டும், ஆலை முற்றத்தில் துளை போட்டு மண்ணையும் பார்க்க வேண்டும் என்று எழுதி அனுமதி வாங்கினார். அந்த ஒரு தடவைதான்.

அதனால் டிசம்பரில் அவர்கள் வருவதற்கு முந்தின நாள் முழுக்க நான் கிணற்றடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டு அம்மாள் துடைப்பத்தோடு வந்தாள்.

"அந்தப் பாசியையாவது தேச்சு வுட்டுடறேன், மாமா. பாக்கவே நல்லால்ல."

"இருந்துட்டுப் போவட்டும்மா. உனக்குப் புண்ணியமாப் போவும்."

அன்று தண்ணீர் நான்காவது உறையில் நின்றது.

மூன்றாவது துளையில் குழாய் நாலே முக்கால் அடி இறங்கியிருந்தது. வெளியே இழுத்தார்கள். களிமண் நுனியில் பழுப்பாக ஒரு பட்டை. காற்று என் பக்கம் அடித்தது. எனக்குப் பொறியாளரைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த நாற்றத்துக்குத்தான் நான் நான்கு வருஷமாகச் சுழி போட்டு வருகிறேன். அவர் வேலியருகே வந்து, "அஞ்சடின்னு சொன்னோம், கால் அடி தப்பு" என்றார். வேலிக்கு இந்தப் பக்கம் தெருவே நின்றுகொண்டிருந்தது. கைதட்டியது யார் யார் என்று மட்டும் நான் எண்ணவில்லை.

மண்ணிலும் கிணற்றிலும் ஒரே மருந்து என்று அறிக்கை வந்தது. கெட்ட மண்ணைத் தோண்டி எடுக்கவும், நாற்பத்தொரு வீட்டுக்கும் குழாய் போடவும் ஆலைக்காரர் செலவு செய்ய வேண்டும் என்று உத்தரவு. மண் போனது அறுபத்து மூன்று லாரி. பக்கத்துக் கீழவாஞ்சூர்த் துறைமுகத்து நிலக்கரி லாரிகள் அவற்றுக்கு வழிவிட்டு நின்றதையும் பார்த்தேன். மேற்பார்வையாளர் இப்போது வேறு கடையில் டீ குடிக்கிறார்.

குழாயில் முதல் தண்ணீர் வந்த அன்று, நகல், பஸ், டீ என்று எனக்கு ஆன செலவைக் கூட்டி ஆயிரத்து நூற்று நாற்பது என்று மனைவியிடம் சொன்னேன். அவள் செம்பை நிரப்பிக்கொண்டே கேட்டாள்: "கெணறு எறைச்ச ஆளு கூலி? பவுடரு?"

வெட்கப்பட்டு அவற்றைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தேன். கூலி ஆயிரத்து அறுநூறு, பவுடர் இருநூற்றுப் பத்து. சேர்த்தேன். ஆக மொத்தம் 2,950 ரூபாய்.