ஏதாவது இருந்தால் சொல்கிறேன்

டயாலிசிஸ் அறைக்கு வெளியே நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள். நான் உட்காருவதில்லை. விழுப்புரத்தில் அந்த மருத்துவமனை என் வீட்டிலிருந்து நடக்கும் தூரம்தான். என் தங்கை எங்கள் சொந்த ஊரான பிரம்மதேசத்திலிருந்து திண்டிவனம் வந்து, பேருந்து மாறி இங்கே வருவாள். அவளைப் படுக்க வைத்ததும் நான் வாசலுக்குப் போவேன், டீ வாங்குவேன், பாதியில் வைத்துவிட்டுத் திரும்புவேன். கதவுக் கண்ணாடி வழியே அவள் ரத்தம் குழாயில் ஓடுவது தெரியும். மறுபடி வாசல்.

கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அதன் பிறகு ஒரு மருந்து ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஆலோசகராகப் போனேன். அங்கே கண்ணாடிச் சில்லுகளில் வேலை. நுண்ணோக்கியில் வைப்பது போன்ற சாதாரணச் சில்லுதான். புரதம் ஒட்டிக்கொள்ளும்படி அதன் மேல் ஒரு பூச்சு பூசி, ஆயிரக்கணக்கான புரதங்களைக் கண்ணுக்குத் தெரியாத பொட்டுகளாக வரிசையில் வைப்போம். ஒருவரின் ரத்தத்திலிருந்து பிரித்த நீரை ஊற்றிச் சாயம் சேர்த்தால் சில பொட்டுகள் மட்டும் ஒளிரும். நோயாளிகளிடம் எவை ஒளிர்கின்றன, மற்றவர்களிடம் எவை என்று ஒப்பிட்டு, மருந்து எந்தப் புரதத்தைத் தாக்க வேண்டும் என்று தேடுவார்கள்.

அது சிறுநீரக நோய் பற்றிய ஆய்வு. கிராமத்து மனிதர்களின் ரத்தம் வேண்டும் என்றபோது, எங்கள் ஊரில் எடுக்கலாம் என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். தங்கை வீடு வீடாகப் போய்ப் பெண்களை அழைத்து வந்தாள். "எங்க அண்ணன்தான் எடுக்கறாரு, பயப்படாம வாங்கடி" என்றாள். முதலில் கையை நீட்டியவளும் அவள்தான்.

யாருடைய பரிசோதனை முடிவும் அவரவருக்குச் சொல்லப்படமாட்டாது என்று ஒப்புதல் தாளில் இருந்தது. படித்தும் காட்டினோம். அப்போது தங்கையின் எதிர்வீட்டுக்காரி எழுந்து நின்றாள்.

"ரத்தத்த எடுத்துக்கினு போனா ரிசல்ட்டு தரமாட்டீங்களா சார்? கொசு கூட சொல்லாமதான் குடிக்குது. அதுக்கு இவ்ளோ தூரம் எதுக்கு வரணும்?"

பெண்கள் சிரித்தார்கள். இரண்டு பேர் கிளம்ப எழுந்தார்கள். நான் சொன்னேன்: "ஏதாவது இருந்தா சொல்றேம்மா."

அது பொய். அந்தச் சில்லை வைத்து ஒருத்திக்கு நோய் உண்டு, இல்லை என்று சொல்ல முடியாது. பல பேரைச் சேர்த்துப் பார்த்தால்தான் அதற்கு அர்த்தம். குழாய்களில் பெயர்கூடக் கிடையாது, எண்தான். எல்லாம் தெரிந்துதான் சொன்னேன். எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள்.

அடுத்த ஆண்டு தங்கைக்குக் கால் வீங்கியது. அவள் யாரிடமும் போகவில்லை. அண்ணன் ரத்தத்தைப் பார்த்துவிட்டார், ஒன்றும் சொல்லவில்லை, அப்படியென்றால் ஒன்றுமில்லை என்று இருந்துவிட்டாள். மூச்சு வாங்கி விழுந்த பிறகுதான் திண்டிவனத்தில் மருத்துவரிடம் கொண்டுபோனார்கள். இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டிருந்தன. அப்போதும் எனக்காகத்தான் பேசினாள். "அண்ணன் பாத்தப்போ இல்ல. அப்புறம்தான் வந்திருக்குது."

மாதக்கணக்கில் நான் அதைத் திருத்தவில்லை.

போன வாரம் டயாலிசிஸ் முடிந்ததும் அவளுக்குத் தலை சுற்றியது. ஊர்வரை கொண்டுபோய் விடலாம் என்று நானும் பேருந்தில் ஏறினேன். கூட்டேரிப்பட்டில் வண்டி நின்றபோது ஜன்னலோரம் அவித்த மல்லாட்டை, வேர்க்கடலைதான், விற்க வந்தது.

"எனக்குத்தான் ஆவாது. நீங்க வாங்கித் துன்னுங்கண்ணா" என்றாள். பிறகு ஏதோ நினைவு வந்தவளாக, "எதிர்வூட்டுக்காரிக்குக் காலு பன்னு மாதிரி வீங்கிக்கினு கிடக்குது. ஆஸ்பத்திரிக்குப் போடின்னா, 'சார் பாத்துட்டாரு, ஒண்ணும் சொல்லலையே. மல்லாட்டை ஆயக் குந்திக்கினே இருந்தா அப்டித்தான்'றா."

எழுந்துவிட்டேன். நடைவழியெல்லாம் கூட்டம், இறங்கி ஓட முடியாது. மறுபடி உட்கார்ந்தேன்.

"அவளுக்கு நான் எதையும் பாக்கலம்மா. உனக்கும் பாக்கல. அதுல பாக்க முடியாது. அன்னிக்கே எனக்குத் தெரியும்."

வண்டி கிளம்பியது. திண்டிவனம் வரும்வரை அவள் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தாள். பேருந்து நிலையத்தில் இறங்கியதும் சொன்னாள்.

"அப்போ காலு வீங்கனப்பவே நான் போயிருக்கணும்."

"ஆமாம்."

"போயிருந்தா?"

"இந்த அளவுக்கு வராம இருந்திருக்கலாம்."

என் கண் விழுப்புரம் வண்டி நிற்கும் பக்கம் போனது. அதை அவள் கவனித்துவிட்டாள்.

"இன்னா, பஸ்ஸ பாக்கறீங்க? அவங்கள இட்டாந்தது நானு. எந்த மூஞ்சிய வெச்சிக்கினு நான் சொல்றது? நீங்களே வந்து சொல்லுங்க. ஜல்தியா நடங்க."

பிரம்மதேசத்தில் எதிர்வீட்டுக்காரி எங்களைப் பார்த்ததும் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்தாள். கொலுசு அவள் கணுக்கால் சதையில் புதைந்திருந்தது.

"வாங்க சார். ரிசல்ட்டு எடுத்துக்கினு வந்தீங்களா?"

தங்கை அந்த நாற்காலியை இழுத்துத் தான் உட்கார்ந்தாள். "அவரு நின்னுக்கினே சொல்லுவாரு."

வழியெல்லாம் நான் கோத்து வைத்திருந்த விளக்கம் ஒன்றும் வரவில்லை. "இல்லம்மா. ரிசல்ட்டு வராது. ஏதாவது இருந்தா சொல்றேன்னு சொன்னது பொய். உன் காலை டாக்டர் பாக்கணும், இன்னிக்கே" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. தங்கையைத்தான் பார்த்தாள்.

"செருப்ப மாட்டுடி," என்றாள் தங்கை. "இவரும் வருவாரு."