உறை கழற்றாத பொம்மை

எங்கள் பள்ளி நர்ஸ் மில்ட்ரெட்டுக்கு அந்தப் பொம்மையைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். மராத்தி பேசும் இந்தக் கோர்படியில் இருபது வருடம் ராணுவ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு எங்களிடம் வந்தவர். இதயம் நின்று விழுந்தவரின் நெஞ்சை அழுத்தி உயிர் காப்பதை ஒன்பதாம் வகுப்புக்குக் கற்றுக்கொடுக்க வேண்டுமென்று தலைமையாசிரியர் பத்மநாபனிடம் இரண்டு வருடம் நடையாய் நடந்து, ஒரு வழியாகப் பயிற்சிப் பொம்மையை வாங்க வைத்தார்.

பொம்மை வந்தது. அதன் பிளாஸ்டிக் உறையை மட்டும் கழற்றக் கூடாது என்றார் பத்மநாபன். வீட்டு சோபாவுக்கே இன்னும் உறை எடுக்காத மனிதர், வேறென்ன சொல்வார்? இரண்டு அங்குலம் ஆழமாக அழுத்தினால் பொம்மைக்குள் 'டிக்' என்று கேட்கும், பிள்ளைகள் அதைக் கேட்டாக வேண்டும் என்று மில்ட்ரெட் மன்றாடிப் பார்த்தார். தலைமையாசிரியரோ ஒவ்வொரு வகுப்பிலும் வாசலில் நின்று, மெதுவாக, உடைந்துவிடும் என்று இந்தியில் ஒரு தடவை, மராத்தியில் ஒரு தடவை சொல்வார். பிள்ளைகளும் பூனைக்குட்டியைப் போல அதைத் தடவிக்கொடுத்து, போட்டோவுக்கு நின்று, சான்றிதழ் வாங்கிப் போனார்கள். அந்த 'டிக்' ஒரு நாளும் கேட்கவில்லை. கணக்கு டீச்சரான எனக்கே எரிச்சலாக இருந்தது.

போன ஜூலையில் வாட்ச்மேன் அப்துல் காதர் கேட்டருகே சாய்ந்தார். மூச்சில்லை. முதலில் ஓடியவள் ஒன்பதாம் வகுப்பு ஸ்நேஹா. ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லிவிட்டு மண்டியிட்டாள். கை வைத்த இடம் சரி, எண்ணிக்கை சரி. அழுத்தியது மட்டும் அதே தடவல். மில்ட்ரெட் ஓடி வந்து அவளை விலக்கிவிட்டு, உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு அழுத்தினார். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தவில்லை.

காதர் பாய் பிழைத்துக்கொண்டார். விலா எலும்பு இரண்டு முறிந்திருந்தது.

மறுநாள் நானும் அங்கிருந்தபோது பத்மநாபன் நர்ஸ் அறைக்கு வந்தார். "கொஞ்சம் பதமா அழுத்தியிருக்கலாமே, சிஸ்டர்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த ஸ்நேஹாதான் அழுதுகொண்டே, அவர் பேசிய தமிழிலேயே தட்டுத்தடுமாறிச் சொன்னாள். "பொம்மை உடையும்னு சொன்னீங்க சார். அதான் நான் மெதுவா பண்ணேன்."

மில்ட்ரெட் கத்தரிக்கோலை எடுத்தார். பத்மநாபன் கண்ணெதிரே உறையை வெட்டி எறிந்துவிட்டு, ஸ்நேஹாவைப் பொம்மை முன்னால் மண்டியிட வைத்தார். பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு, முழங்கையை மடக்காமல் அழுத்தினாள்.

'டிக்.'

பத்மநாபன் பதறினார். "உடைஞ்சிருச்சா?"

"இல்ல சார்," என்றார் மில்ட்ரெட். "இப்பத்தான் சரியா அழுத்துறா."