மார்கழியில் கிடைத்த குவார்ட்டர்ஸ்

பட்டாளத்துக்காரனைக் கட்டிக்கொண்டவள் புருஷனோடு வாழ்கிறாளோ இல்லையோ, படிவங்களோடு வாழ்ந்தே தீர வேண்டும். சுந்தரவல்லி இதைக் கல்யாணமான இரண்டாம் வருஷமே தெரிந்துகொண்டாள். கரக்பூரில் ரயில்வே ஃபிட்டரின் மகளாகப் பிறந்து, தமிழும் வங்காளமும் இந்தியும் பேசி வளர்ந்தவள். வாய் நீளம் என்று புகுந்த வீட்டில் பெயர். மூன்று பாஷையிலும் கெஞ்ச வேண்டியிருந்தால் யாருக்குத்தான் வாய் நீளாது?

புருஷன் அர்ஜுனன் லான்ஸ் நாயக். குடியாத்தம் பக்கத்துக்காரன். யூனிட் கல்கத்தாவில் இருந்தது. டாலிகஞ்சில் ஒரு கீழ்த்தள அறையை வாடகைக்குப் பிடித்து மனைவியைக் கொண்டுவந்து வைத்தான். பெண் குழந்தை பிறந்து ஐந்தாம் மாதம், பத்து மாத ரேடியோ கோர்ஸ் என்று அவனை ஜபல்பூருக்கு அனுப்பிவிட்டார்கள். போகுமுன் சுந்தரவல்லி அவனை உட்காரவைத்து மூன்று வெற்றுத்தாள்களின் அடியில் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

"இது எதுக்கு?" என்று அவன் கேட்டான்.

"நீங்க இல்லாதப்ப உங்க கையெழுத்துதான எனக்குப் புருஷன்" என்றாள்.

அது எவ்வளவு உண்மை என்று ஒரே மாதத்தில் தெரிந்தது. வீட்டு வாடகைப் படி கிடைக்க வேண்டுமானால், குடும்பம் கல்கத்தாவில்தான் இருக்கிறது என்று மாதாமாதம் சான்றிதழ் போக வேண்டும். ஆள் கோர்ஸில் இருப்பதால் சான்றிதழ் ஜபல்பூரிலிருந்து வர வேண்டும் என்றது கல்கத்தா. குடும்பம் கல்கத்தாவில் இருப்பதை நாங்கள் எப்படிப் பார்க்க முடியும் என்றது ஜபல்பூர். இரண்டுமே நியாயம்தான். இரண்டு நியாயத்துக்கும் நடுவில் இரண்டு மாதப் படி வரவேயில்லை. இதை அவள் எழுதியபோது அர்ஜுனன் பதில் போட்டான்: 'கொஞ்சம் அனுசரித்துப் போ.' எதைக் கேட்டாலும் அவனுக்கு அந்த ஒரு மருந்துதான். தலைவலிக்கும் அது, வயிற்றுவலிக்கும் அது.

அதோடு விட்டதா? எழுபத்தெட்டு செப்டம்பரில் பெய்த மழையில் டாலிகஞ்ச் தெருவெல்லாம் வெள்ளம். அறைக்குள் முழங்கால் தண்ணீர் மூன்று நாள் நின்றது. தண்ணீர் போனது, ஈரம் போகவில்லை. சுவர் இடுப்பளவுக்குக் கறுத்துப் பூத்தது. குழந்தை தேன்மொழிக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. மூச்சு விடும்போதெல்லாம் விசில் மாதிரி சத்தம். "மருந்து கொடுத்துட்டே இருக்கலாம். முதல்ல அந்த ஈரச் சுவர விட்டு வெளிய போங்க" என்றார் டாக்டர்.

வீட்டுக்காரி கோஷ் மாசிமாவும் அதையேதான் சொன்னாள், வேறு காரணத்துக்காக. இளைய மகனுக்கு மாக மாதத்தில், அதாவது நம் தையில், கல்யாணம். அவனுக்கு அந்த அறை வேண்டும். துர்கா பூஜை முடிந்ததும் காலி பண்ணு, காளி பூஜை முடிந்ததும் காலி பண்ணு என்று காலையில் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் தினமும் ஒரு பாட்டு. காலி பண்ணி எங்கே போவது? படி வராத பட்டாளத்துக்காரன் பெண்டாட்டிக்கு எவன் வீடு கொடுப்பான்? ராணுவக் குடியிருப்பில் குவார்ட்டர்ஸுக்கு மனுப் போட்டிருந்தார்கள். வரிசையில் பன்னிரண்டாவது பெயர். அதற்குள் குழந்தைக்கு மீசை முளைத்துவிடும் என்று அவளே சொல்லிக்கொள்வாள், பெண் குழந்தை என்பதையும் மறந்து.

டிசம்பர் இருபத்தொன்றாம் தேதி, வியாழக்கிழமை, அர்ஜுனனிடமிருந்து ஒரு கவர் வந்தது. உள்ளே இன்னொரு கவர். பிரித்துப் பார்த்தால், குவார்ட்டர்ஸ் ஒதுக்கியாயிற்று! பாலிகஞ்ச் பக்கம், மாடி வீடு. கடிதத்தின் தேதி டிசம்பர் ஒன்பது. டாலிகஞ்சிலிருந்து நான்கு மைலில் இருக்கிற ஆபீஸ், சிப்பாயின் பெயருக்குத்தான் எழுதுவோம் என்று ஜபல்பூருக்கு அனுப்பியிருக்கிறது. அங்கே அவன் காட்டில் கேம்ப் போயிருந்தான். திரும்பி வந்து, பார்த்து, அவளுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறான். இருபத்தாறாம் தேதிக்குள் குடியேற வேண்டும். தவறினால் ஒதுக்கீடு ரத்து, பெயர் வரிசையின் கடைசிக்குப் போகும், வாடகைப் படியும் ஆறு மாதத்துக்குக் கிடையாது. நடுவில் ஞாயிறு, கிறிஸ்துமஸ்.

அர்ஜுனன் ஓரத்தில் எழுதியிருந்தான்: 'அம்மாவுக்கும் தந்தி கொடுத்துவிட்டேன். அனுசரித்துச் செய்.'

அந்த அம்மாவின் கடிதம் மறுநாள் காலையே வந்து இறங்கியது. மாமியார் நாகம்மா பக்கத்து வீட்டுப் பையனைக் கொண்டு எழுதியிருந்தாள். 'மார்கழியில் மனுஷன் குடி போவானா? பிள்ளைக்கு ஆயுசு வேண்டாமா? தை பிறக்கட்டும், நானே வந்து பால் காய்ச்சி வைக்கிறேன். அதுவரைக்கும் பெட்டியைக்கூட நகர்த்தாதே.'

சுந்தரவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சர்க்காரிடம் ஒரு காலண்டர், மாமியாரிடம் ஒரு பஞ்சாங்கம், நடுவில் இழுத்து இழுத்து மூச்சு விடும் ஒரு குழந்தை. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும்: அவளுக்கும் பயம்தான். சர்க்காரை எதிர்த்துப் பேச அவளுக்குத் தைரியம் உண்டு. மார்கழியை எதிர்க்க இல்லை. குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஆயுசு முழுக்க இந்த மாதத்தின் பெயர்தானே காதில் விழும்?

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனாள். தலைமை குமாஸ்தா சக்கரவர்த்தி பாபு கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். அவள் வங்காளத்தில் ஆரம்பித்தாள்: இருபது நாள் தவணை வேண்டும், ஜனவரி பதினைந்துக்குப் பிறகு வந்துவிடுகிறோம்.

சக்கரவர்த்தி பாபு சிரித்துவிட்டார்.

"நீயுமாம்மா? உனக்கு இந்த வீடு எப்படி வந்ததுன்னு தெரியுமா? உனக்கு மேல பதினோரு பேர். ஒவ்வொருத்தரையா நானே கூப்பிட்டுக் கேட்டேன். வங்காளி பௌஷ் மாசம் வருதுன்னான். பீகார்காரன் அவங்க ஊர்ல இதுக்கு வேற பேர் சொன்னான். உங்க தமிழங்க ரெண்டு பேர் மார்கழின்னாங்க. எல்லாரும் சங்கராந்திக்குப் பிறகு பார்க்கலாம்னு எழுதிக் கொடுத்துட்டுப் போயிட்டாங்க. உன் புருஷன் ஜபல்பூர்ல இருந்தான். அவன்கிட்ட நேர்ல கேக்க முடியல. அதனால கடிதம் போட்டேன். வேண்டாம்னு சொல்ல ஆள் இல்லாததால வந்த வீடும்மா இது."

சுந்தரவல்லி குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். காதருகே அதே விசில் சத்தம். பதினோரு பேரின் பயம் அவளுக்கு வழிவிட்டிருக்கிறது. பன்னிரண்டாவதாக அவளும் பயந்தால் வீடு பதின்மூன்றாவது ஆளுக்கு. அவன் இப்போதிருக்கும் வீட்டுச் சுவர் இவளுடையதைப் போல ஈரமாகக்கூட இருக்காது.

"சாவி குடுங்க பாபு" என்றாள்.

"புருஷன் கையெழுத்து வேணுமே."

மடியிலிருந்து அர்ஜுனன் கையெழுத்துப் போட்ட வெற்றுத்தாள் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள். பாபு தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், டைப்ரைட்டரில் தாளைச் சொருகினார். "நாளைக்கு வா" என்றார்.

மறுநாள் சனிக்கிழமை. சாவி கைக்கு வந்தபோது மணி பத்தேகால், சுத்தமான ராகுகாலம். கைவண்டி பிடித்து டாலிகஞ்சுக்கு வந்தால், வாசலில் கோஷ் மாசிமா கையை விரித்துக்கொண்டு நிற்கிறாள்.

"போகக் கூடாது!"

"என்ன மாசிமா?"

"பௌஷ் மாசத்துல வீட்டு லட்சுமி வெளிய போகக் கூடாது. பூனையக்கூட விரட்ட மாட்டோம். என் பிள்ளைக்குக் கல்யாணம் வெச்சிருக்கேன். இப்ப நீ போனா வீடு விளங்குமா?"

சுந்தரவல்லிக்கு எங்கேயாவது முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. "மூணு மாசமா போ போன்னு என்னை விரட்டினது யாரு மாசிமா? அப்ப நான் லட்சுமி இல்லையா? மாசம் பொறந்ததுந்தான் லட்சுமி ஆயிட்டேனா?"

மாசிமா அழ ஆரம்பித்தாள். நிஜமான அழுகை. கைவண்டிக்காரன் பீடி பற்றவைத்தான். நேரம் ஆக ஆக அவனுக்கு லாபம்தான். கடைசியில் சுந்தரவல்லி தன் பித்தளைச் சொம்பில் அரிசியை நிரப்பி, அறையின் மூலையில் வைத்தாள். "இதோ, என் அரிசி இங்கதான் இருக்கு. நான் போகல. சங்கராந்தி முடிஞ்சதும் வந்து எடுத்துக்கறேன், அப்பத்தான் போனதா கணக்கு" என்றாள். மாசிமா கண்ணைத் துடைத்துக்கொண்டு வழிவிட்டாள். கூடவே நாலு ஆரஞ்சுப் பழத்தையும் குழந்தை கையில் திணித்தாள். இப்படிப்பட்டவளிடம் முழுசாகக் கோபப்படவும் முடிவதில்லை, அதுவும் ஒரு எரிச்சல்.

புது வீட்டுக்குள் கால் வைத்தபோது மணி இரண்டு. எமகண்டம். சனிக்கிழமை, மார்கழி, ராகுகாலச் சாவி, எமகண்டப் பிரவேசம். இதற்குமேல் கெட்ட நேரம் என்று எதுவும் பாக்கியில்லை. புதிதாக வெள்ளையடித்த அறை. சுவரைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், ஜன்னலுக்குக் கீழே, எல்லாம் காய்ந்திருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு எழுந்து கரியடுப்பைப் பற்றவைத்தாள். வராந்தாவில் காற்று அணைத்ததால் சமையலறைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

பத்து நாளில் தேன்மொழியின் நெஞ்சுச் சத்தம் குறைந்தது. இருபதாம் நாள் காதை வைத்துக் கேட்டாலும் கேட்கவில்லை.

பொங்கல் முடிந்ததும் நாகம்மா வந்து இறங்கினாள், லீவு முடிந்து திரும்பிய ஊர்ப் பையன் ஒருவனின் துணையோடு. மருமகள் மார்கழியில் குடி வந்ததை அவள் ஒப்புக்கொள்ளவேயில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை. நடக்கவில்லை என்று முடிவு செய்துவிட்டாள், அவ்வளவுதான். புதன்கிழமை நல்ல நேரம் பார்த்து, வாசலில் கோலம் போட்டு, மாவிலை கட்டி, பால் காய்ச்ச ஏற்பாடு செய்தாள். சமையலறைச் சுவரைப் பார்த்ததும் மட்டும் முகம் சுளித்தாள்.

"இன்னாம்மே இது, செவுரெல்லாம் கரி? பால் காய்ச்சற எடமா இது? ஒரு தேங்கா நாரு குடு, தேச்சி உட்டுடறேன்."

"அப்புறம் பாத்துக்கலாம் அத்தை" என்றாள் சுந்தரவல்லி. அவளுக்கு முதல் நாள் துணி துவைத்த களைப்பு.

பால் பொங்கி இறக்கிய நேரம், கதவு தட்டப்பட்டது. தொப்பியும் ஃபைலுமாக ஒரு ஹவில்தார். பெயர் மருதமுத்து, மதுரைக்காரர். பௌஷ் மாதம் முடிந்ததும் அந்தப் பதினோரு பேரும் ஆபீசில் வந்து நின்றிருக்கிறார்கள். அதில் ஒருவன், ஜபல்பூர் போன அர்ஜுனன் வீட்டைப் பூட்டியே வைத்திருக்கிறான், யாரும் குடி வரவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டான். அதை விசாரிக்க இவர். கதவைத் திறந்தது நாகம்மா. தமிழ்க் குரலைக் கேட்டதும் அவளுக்கு ஒரே சந்தோஷம்.

"எப்பம்மா குடி வந்தீங்க?" என்று அவர் கேட்டார்.

"இன்னிக்குத்தாம்ப்பா! இப்பத்தான் பால் காய்ச்சினோம். உள்ள வா, ஒரு வாய் குடிச்சிட்டுப் போ."

சுந்தரவல்லி வாசலுக்கு ஓடி வந்தாள். வாசலில் புதுக் கோலம், கதவில் வாடாத மாவிலை, அடுப்படியில் பால். ஹவில்தாரின் பேனா ஃபைலின் மேல் இறங்கியது.

"அண்ணே, எழுதாதீங்க! நாங்க டிசம்பர் இருபத்து மூணாந்தேதி வந்தோம். இவங்க என் மாமியார், நேத்துத்தான் ஊர்ல இருந்து வந்தாங்க. அவங்களுக்கு மார்கழின்னா ஆகாது."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்வாங்க. அந்தம்மாவே இன்னிக்குத்தான்னு சொல்றாங்களே?"

"ஆமா, இன்னிக்குத்தான்" என்றாள் நாகம்மா, மருமகளை முறைத்துக்கொண்டு.

அந்த நிமிஷத்தில் சுந்தரவல்லிக்கு மாமியார்மேல் வந்த கோபத்தை எழுத்தில் எழுத முடியாது. ஹவில்தாரின் கையைப் பிடிக்காத குறையாகச் சமையலறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். அடுப்புக்கு மேலே, புது வெள்ளைச் சுவரில், உத்தரம் வரைக்கும் கரி ஏறியிருந்தது.

"பாருங்க. இன்னிக்கு ஒரு சொம்புப் பால் காய்ச்சினதுக்கு இவ்வளவு கரி பிடிக்குமா? இது இருபத்தஞ்சு நாள் சோறுண்ணே. ரெண்டு வேளை எம் பிள்ளைக்கு வெந்நீர் போட்டது. தேச்சுப் பாருங்க, வருதான்னு."

மருதமுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார். விரல் கறுத்தது, சுவர் வெளுக்கவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு, 'குறித்த தேதிக்குள் குடியேறியுள்ளனர்' என்று எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டார். சுந்தரவல்லிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பிறகு அவர் ஃபைலிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார்.

"கரியடுப்ப வராந்தாவுல வெக்கணும்னு ஆர்டர் இருக்கும்மா. புது வெள்ளையடிச்ச சுவர். இது சேதத்துல வரும். லான்ஸ் நாயக் சம்பளத்துல பிடிப்பாங்க. நான் ஒண்ணும் பண்ண முடியாது. இங்க ஒரு கையெழுத்து."

இருபத்து மூன்றாம் தேதியே குடி வந்தாள் என்பதற்கு அந்தத் தாளைவிடப் பெரிய சான்றிதழ் ஏது? மிச்சமிருந்த வெற்றுத்தாளைத் தேடக்கூட அவள் போகவில்லை. பேனாவை வாங்கித் தன் பெயரையே முழுசாகப் போட்டாள். அந்தத் தாளும் ஜபல்பூர் போய்ச் சேரட்டும், சம்பளத்தில் பிடிப்பதை அர்ஜுனன் அனுசரித்துக்கொள்ளட்டும்.

ஹவில்தார் பாலைக் குடித்துவிட்டுப் படியிறங்கிப் போனார். நாகம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் நல்லபடியாக முடிந்தது என்று மட்டும் புரிந்தது.

"பாத்தியா? தை பொறந்தா வழி பொறக்கும்னு நான் சொன்னேனா இல்லியா?" என்றாள். சொல்லிக்கொண்டே தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

சுந்தரவல்லி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தொடாதீங்க அத்தை. அந்தக் கரி இருக்கறதாலதான் நாம இங்க இருக்கோம்."